பேரூர் ஞானமரபும் வாழ்க்கைக் குறிக்கோளும்

மக்கட் பிறவியில் வாழ்நாள் சிறிது, வேட்கையோ பெரிது. அறம், பொருள், இன்பம், வீடு என உறுதிப்பொருள் நான்கென ஆன்றோர் வகுத்தனர். நான்கும் உயிர்க்கு வேண்டுவனவே. ஆயினும் ஒருவன் ஒரே காலத்தில் நான்கனையும் ஒரே அளவினவாகப் பற்றி நிற்றல் இயல்வதன்று. பொருளீட்டப் புகுந்தவன் கல்விக்குரிய பொழுதை அதற்குக் கொடுக்கின்றான். சுற்றத்தைப் பேண முற்பட்டவன் தவத்திற்குரிய தனிமையை இழக்கின்றான். தவத்திற் புக்கவனோ தன்னை நம்பியிருந்த சுற்றத்தின் கண்ணீரைக் காணவேண்டியவனாகின்றான். ஆகலின், எதனைப் பற்றுவது, எதனை விடுவது, விடுமிடத்து எப்பொழுது விடுவது, விட்டபின் செய்யக்கடவது யாது என்னும் வினாக்கள் அறிவுடையார் எவர்க்கும் ஒருநாள் எழாமற்போகா.

இவ்வினாக்கட்கு நூல்கள் பொதுவிதி கூறும். அப்பொதுவிதி ஒருவர் வாழ்க்கையில் எவ்வாறு சிறப்புவிதியாகின்றது என்பதை வாழ்ந்து காட்டினார் வரலாறே தெளிவிக்கும். அத்தகைய வரலாறுகள் கொங்குநாட்டில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து காணப்படுகின்றன. அவற்றுள் நடுநாயகமாய் நிற்பது 17ஆம் நூற்றாண்டிற் பேரூரில் விளங்கிய சாந்தலிங்க அடிகளின் ஞானமரபு. அதற்கு முன்னே திருத்தொண்டர் வரலாற்றிற் கொங்குநாட்டில் நிகழ்ந்தனவாகச் சொல்லப்பட்ட இரண்டு நிகழ்ச்சிகளும், பின்னே 20ஆம் நூற்றாண்டிற் கோவை நகரில் நிகழ்ந்த ஒரு நட்பின் வரலாறும் அதனோடு சேர்த்து எண்ணற்பாலன.

பேரூரின் குறிப்பு

கோவைக்கு மேற்கே நொய்யலாற்றின் கரையில் உள்ளது பேரூர். பட்டீசுரரும் பச்சைநாயகியம்மையும் எழுந்தருளிய இத்தலத்தின் பெருமையைத் திருவாவடுதுறை ஆதீனத்துக் கச்சியப்ப முனிவர் பேரூர்ப் புராணமாகப் பாடினார். இத்தலத்தில் இரண்டு மரங்கள் பேர்பெற்றன. ஒன்று பிறவாப்புளி, மற்றொன்று இறவாப்பனை. புளியின் வித்து எங்கு இட்டாலும் முளையாது என்றும், பனை அழிவின்றி நிற்பது என்றும் ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

மரநூல் வல்லார் இதனை யாங்ஙனம் ஆராயினும் ஆராய்க. சைவ நன்மக்கள் இவ்விரு மரங்களிலும் ஒரு கருத்தைக் கண்டனர். வறுத்த வித்து முளையாதவாறு போல, ஞானத்தீயில் வெந்த வினை மீட்டும் பிறவியைத் தாராது என்பது சித்தாந்த நூல்களிற் பயின்றுவரும் உவமை. பிறவாப்புளி அவ்வுவமையின் உருவம். வித்து அழிந்த பின்னும் அழியாது நிற்கும் திருவடிப்பேற்றின் உருவம் இறவாப்பனை. விடத்தக்கது ஒன்று, விடத்தகாதது ஒன்று என்னும் இரண்டனையும் அருகருகே நிறுத்திக் காட்டும் தலமாகப் பேரூர் அமைந்தது.

இத்தலத்திற்குரிய மற்றொரு வரலாறும் கருதத்தக்கது. நம்பியாரூரர் பொன் வேண்டி வருதலை அறிந்த இறைவன், அம்மையோடும் பள்ளர் வேடங்கொண்டு வயலிற் சென்று நாற்று நட்டிருந்தான் என்றும், நந்திதேவர் குறிப்பால் அவ்விடத்தைக் காட்டிக்கொடுத்தார் என்றும் தலவரலாறு கூறும். அதனை நினைவூட்டும் நாற்று நடவு விழா ஆண்டுதோறும் ஆனித் திங்களிற் பேரூரில் நடைபெறும். பொன்னை நாடி வந்தவர் சேற்றில் நின்று தொழில் செய்யும் பெருமானைக் கண்டார் என்னும் இவ்வரலாற்றின் உட்பொருள் எளிதிற் புலனாவது. வேண்டி வந்தது ஒன்று, காட்டப்பட்டது வேறு. காட்டப்பட்டதோ ஒரு பணி.

கருவூரும் முருகன்பூண்டியும்

கொங்குநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் ஏழனுள் கருவூரும் திருமுருகன்பூண்டியும் உள்ளன. இவ்விரண்டிடத்தும் நிகழ்ந்தனவாகச் சேக்கிழார் பெருமான் அருளிய இரண்டு வரலாறுகள் இவ்வாராய்ச்சிக்கு அடிப்படையாவன.

உறையூரிலிருந்து ஆண்ட புகழ்ச்சோழர், கொங்கரும் குடபுலத்து மன்னரும் இறுக்கும் திறையைக் கொள்ளுதற்பொருட்டுக் கருவூரில் வந்து தங்கினார். திறை கொடாத அதிகனுடைய மலையரணைச் சோழர் படை அழித்துப் பகைவர் தலைகளைக் கொணர்ந்தது. அத்தலைகளுள் ஒன்றிற் சடைமுடி இருத்தலைக் கண்ட அரசர் நடுங்கினார். சிவவேடமுடையார் ஒருவர் தம் ஆணையால் வெட்டுண்டமையின், தாம் காத்த நெறியும் ஆண்ட அரசும் பயனிலவாயின என்று துணிந்தார். மைந்தற்கு முடிசூட்டுமாறு அமைச்சர்க்கு ஆணையிட்டு, அத்திருமுடியைப் பொற்கலத்தில் ஏந்தித் தம் தலைமேற் கொண்டு, திருவைந்தெழுத்தை ஓதித் தீயிற் புகுந்தார்.

இவ்வரலாற்றில் ஆராயத்தக்கது அரசர் தீயிற் புகுந்த அருஞ்செயல் மட்டுமன்று. அவர் அதுகாறும் பற்றியிருந்த குறிக்கோள் தீயதன்று. திறை கொள்ளுதல் அரசர்க்கு அறம். நாடு காத்தல் கடமை. ஆயினும் அவ்வறம் தனக்கு மேற்பட்டதோர் அறத்தை மிதித்துச் சென்றமை கண்ணெதிரே புலப்பட்ட அப்பொழுதே, வெற்றியின் நடுவே நின்று அதனை விட்டார். தோல்வியுற்றவன் அரசை விடுதல் எளிது. வென்றவன் விடுதல் அரிது. தீயனவற்றை விடுக என்பது யாவரும் கூறும் நீதி. நல்லனவற்றுள்ளும் ஒன்று மற்றொன்றிற்கு வழிவிட வேண்டும் காலம் உண்டு என்பது கருவூர் தரும் நீதி.

திருமுருகன்பூண்டியில் நிகழ்ந்தது வேறு வகையினது. சேரமான் பெருமாள் நாயனாரிடம் விடைபெற்றுத் திருவாரூர்க்கு மீளும் ஆரூரர்க்குச் சேரர் பெரும்பொருளை ஆள்களின் மேலேற்றி அனுப்பினார். வழியிற் பூதகணங்கள் வேடுவராய்த் தோன்றி அப்பொருள் முழுவதையும் பறித்தன. தாம் கொடுப்பதன்றிப் பிறர் கொடுத்த பொருளை நம்பி கொண்டு செல்லுதலை இறைவன் திருவுள்ளங்கொள்ளாமையே அதற்குக் காரணம் என்பது பெரியபுராணக் கருத்து. ஆரூரர் திருக்கோயிலுட் சென்று பெருமானையே வினவிப் பாடினார். பறித்த பொருள் அனைத்தும் கோயில் வாயிலிற் குவிக்கப்பட்டது.

புகழ்ச்சோழர் தாமே விட்டார். ஆரூரரிடமிருந்து பறிக்கப்பட்டது. ஒருவன் விரும்பித் துறத்தலும், அவன் விரும்பாதவிடத்துக் காலமும் ஊழும் அவன் கையிலிருந்து பறித்தலும் என விடுதல் இருவகைப்படும். இரண்டாவது வகையில் மனிதற்கு உரிமை யாதும் இல்லை போலத் தோன்றும். ஆரூரர் வரலாறோ அங்கும் ஓர் உரிமை உண்டென்று காட்டுகின்றது. பறித்தவரைத் தொடர்ந்து ஓடாது, எல்லாவற்றையும் உடையானிடம் சென்று நிற்றலே அவ்வுரிமை. பொருள் மீண்டு வந்தது. வந்த வாயில் மட்டும் மாறிற்று.

பேரூர் மூவர்

இனி நடுநாயகமாகிய பேரூர் மரபு. 17ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் காலத்தவர் சாந்தலிங்க அடிகள். வீரசைவ நெறியினர். சிவப்பிரகாசரின் உடன்பிறந்தாராகிய ஞானாம்பிகை அம்மையாரை மணந்து இல்லறத்தில் நின்று, பின்னர்த் துறவு பூண்டு பேரூரில் விளங்கினார் என்பது வரலாறு. கொலைமறுத்தல், வைராக்கிய சதகம், வைராக்கிய தீபம், அவிரோத உந்தியார் என்பன அவர் அருளிய நூல்கள்.

இந்நூற்பெயர்களே அடிகள் தெரிந்துகொண்ட குறிக்கோள்களைப் புலப்படுத்தும். வைராக்கியம் என்பது பற்றற்ற உறுதி. அதனை ஒருமுறை சதகமாகவும், மற்றொரு முறை தீபமாகவும் பாடினமையால், துறவுள்ளம் ஒருநாளிற் பிறந்து முற்றுப்பெறுவதன்று என்பதும், நெஞ்சை நோக்கி மீட்டும் மீட்டும் சொல்லவேண்டுவதொன்று என்பதும் பெறப்படும். கொலைமறுத்தல் உயிர்க்கொலையையும் புலாலையும் மறுப்பது. அவிரோதம் என்பது முரணின்மை. சமயத்தார் ஒருவரோடொருவர் பகைத்து நிற்கும் பகைமையை விடுதலும் ஒரு துறவே என்பதை மகளிர் விளையாட்டுப் பாட்டாகிய உந்தியார் வடிவில் அடிகள் அமைத்தார். எனவே அவர் விடச் சொன்னவை மனையும் பொருளும் மட்டுமல்ல. பிற உயிரை வருத்தும் உரிமை, பிற நெறியை இகழும் செருக்கு என்பனவும் அவற்றுள் அடங்கும். வீட்டை விட்டு இவ்விரண்டனையும் விடாதவன் இடம் பெயர்ந்தவனேயன்றித் துறந்தவனாகான்.

ஈண்டு ஒன்று மறைக்காது கூறற்பாலது. அடிகளின் துறவை வரலாறு விரித்துப் போற்றுகின்றது. ஞானாம்பிகை அம்மையாரைப் பற்றியோ மிகச் சிலவே கூறுகின்றது. ஒருவர் தம் குறிக்கோளைத் தெரிந்துகொள்ளுமிடத்து, அத்தெரிவின் சுமையில் ஒரு பங்கை உடன் வாழ்ந்தாரும் சுமக்கின்றனர். அவர் பெயர் நூலின் ஓரத்தில் ஒருகால் தோன்றும். ஒருகால் அதுவும் தோன்றாது. துறவின் பெருமையைப் பேசுவார் இச்சுமையையும் உடன் எண்ணுதல் நேர்மை. இதனை எண்ணாமையாலேயே துறவு என்னும் சொல் சிலர் வாயிற் கடமையினின்று தப்பிச் செல்லுதற்குரிய போர்வையாய்ப் போயிற்று. சேக்கிழார் பாடிய அடியார் பலர் தத்தம் தொழிலிலும் மனையறத்திலும் நின்றவாறே திருத்தொண்டு செய்தனர் என்பதும் இவ்விடத்து நினைவுகூரற்பாலது. குயவரும், வண்ணாரும், நெசவாளரும், செக்காடுவாரும், மீன்பிடிப்பாரும் தம் தொழிற்கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சிவனைத் தேடினாரல்லர். அக்கருவி கொண்டே தேடினர்.

சாந்தலிங்கரை அடைந்த மாணவருள் தலைசிறந்தவர் குமாரதேவர். கன்னடநாட்டில் அரசுரிமை உடையராயிருந்து, அதனைத் துறந்து பேரூர்க்கு வந்து ஞானோபதேசம் பெற்றார் என்று மரபு கூறும். பின்னர்க் குருவின் ஆணைவழியே விருத்தாசலஞ் சென்றார். அங்குப் பெரியநாயகியம்மை பாலளித்துப் பசி தீர்த்தாள் என்பது வழக்கு. அத்தலத்திலேயே தங்கிச் சாத்திரங்கள் பல அருளினார். அவற்றுள் மகாராஜா துறவு என்பது அரசன் ஒருவன் அரசைத் துறத்தலைப் பொருளாகக் கொண்டது. சுத்தசாதகம், அத்துவிதவுண்மை முதலியவற்றின் பெயரும் போக்கும் நோக்குவார்க்கு, அவர் கொள்கை மெய்கண்டார் வழிச் சித்தாந்தத்தோடு முழுதும் ஒத்ததன்று என்பது புலனாகும். உயிர்க்கும் இறைக்கும் உள்ள அத்துவித சம்பந்தத்தை உரைக்குமிடத்து வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடு ஆராய்ச்சிக்குரியது, மறைத்தற்குரியதன்று. எனினும் யான் எனது என்னும் செருக்கறுதலே துறவின் உயிர் என்பதில் இரு நெறிக்கும் மாறுபாடு இல்லை.

குமாரதேவர் வரலாற்றிற் சிறப்பாக நோக்கத்தக்கது யாதெனின், அவர் இருமுறை விட்டமையாம். முதற்கண் அரசை விட்டார். பின்னர்த் தம் குருவின் அருகிருக்கும் பேற்றையும் விட்டு விருத்தாசலம் புகுந்தார். அரசை விடுதற்கு வைராக்கியம் போதும். குருவின் அண்மையை விடுதற்கு அவ்வைராக்கியமும் போதாது. ஞானம் கிடைத்த இடத்தையே பற்றிக்கொண்டிருத்தலும் ஒரு பற்றாதல் கூடும் என்று கண்டு, அதனையும் ஆணைக்கு அடங்கி விடுதல் வேண்டும். ஒருவர்க்கு உயர்ந்த குறிக்கோளாயிருந்ததே மற்றொரு காலத்தில் அவர்க்குத் தடையாய் நிற்றல் உண்டு.

குமாரதேவரின் மாணவர் சிதம்பர சுவாமிகள். மதுரையில் மீனாட்சியம்மையிடத்துப் பேரன்புடையராய் இருந்து, அம்மைமீது கலிவெண்பாப் பாடியவர். குமாரதேவரை அடைந்து உபதேசம் பெற்றார். பின்பு தொண்டைநாட்டிலுள்ள திருப்போரூர் சென்று, பனங்காட்டிடையே மறைந்திருந்த முருகன் திருவுருவை வெளிப்படுத்திக் கோயில் எடுத்தார். திருப்போரூர்ச் சந்நிதிமுறை அவர் பாடியது. அவ்வூரை அடுத்த கண்ணகப்பட்டில் அவர் மடமும் சமாதியும் உள்ளன.

முற்றத்துறந்த ஒருவர் கோயிற்றிருப்பணியை மேற்கொள்ளுதல் சிறு செயலன்று. கல்லும் மரமும் கொணர்தல், தச்சரையும் கொத்தரையும் கூட்டுதல், கூலி அளத்தல், கணக்குப் பார்த்தல், நிலமுடையாரோடு பேசுதல் ஆகிய யாவும் இல்லறத்தான் செய்யும் தொழில்கள். இவற்றைத் துறந்து சென்றவரே மீட்டும் இவற்றின் நடுவிற் போந்து நின்றார். இது துறவினின்று வழுவியதாகுமோ என்பார்க்கு விடை, அத்தொழில்களின் பயன் யாரைச் சார்ந்தது என்பதை நோக்கிற் கிடைக்கும். தமக்கென ஈட்டினார் எனின் வழு. இறைபணியாய் ஆற்றினார் எனின் துறவின் நிறைவு. இதனோடு ஒழியாது, தம் குருவின் குருவாகிய சாந்தலிங்கர் நூல்கள் நான்கனுக்கும் உரை எழுதினார் சிதம்பர சுவாமிகள். நொய்யற்கரையில் தோன்றிய நூல்கள் தொண்டைநாட்டாசிரியர் உரையோடு கூடி நிலவுதலால், பேரூரின் கருத்துப் பேரூரோடு அடங்கிவிடாதாயிற்று.

ஆக, மூவரும் ஒரு மரபினர். மூவர் தெரிவும் மூவகைய. முதல்வர் மனையறம் விட்டு நூலருளினார். இரண்டாமவர் அரசு விட்டுக் குருவின் ஆணையைக் கொண்டார். மூன்றாமவர் தனித்திருந்து பெறும் அமைதியை விட்டுக் கோயிற்பணியைக் கொண்டார். முன்னவர் விட்டதையே பின்னவரும் விடவேண்டும் என்னும் கட்டளை அம்மரபில் இல்லை. பற்றை விடுக என்பது ஒன்றே கட்டளை. எது பற்று என்பது உயிர்தோறும் வேறுபடும்.

கோவை நகர்

இனி, 20ஆம் நூற்றாண்டு. பேரூர்க்கு அணித்தாயுள்ள கோவைச் சிறையில் 1908ஆம் ஆண்டு கொண்டுவந்து அடைக்கப்பெற்றார் வ. உ. சிதம்பரம் பிள்ளை. தூத்துக்குடியில் 1906ஆம் ஆண்டு சுதேசிக் கப்பற் கழகத்தைத் தோற்றுவித்து, ஆங்கிலக் கப்பற்கழகத்தோடு போட்டியிட்ட அவர், அரச நிந்தனைக் குற்றஞ் சாட்டப்பெற்று இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்றார். அத்தண்டனை மேல்முறையீட்டிற் குறைக்கப்பட்டது. கோவைச் சிறையிற் செக்கிழுத்தார். 1910ஆம் ஆண்டு கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பெற்று, 1912ஆம் ஆண்டு விடுதலையுற்றார். அதற்குள் கப்பற்கழகம் முறிந்தது. வழக்கறிஞர் சன்னதும் பறிபோயிற்று. திருமுருகன்பூண்டியிற் சொல்லப்பட்ட பறிப்பு இஃதே. ஆனால் வாயிலிற் குவித்துத் திரும்பக் கொடுப்பார் எவரும் உடனே வந்திலர்.

சிறையிலிருந்த நாளில் அவர் செய்தது யாது? ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில நூலாசிரியரின் நூலை மனம்போல வாழ்வு எனத் தமிழாக்கினார். அது 1909ஆம் ஆண்டு வெளிவந்தது. விடுதலைக்குப் பின் மெய்யறம், அகமே புறம் என்பன 1914ஆம் ஆண்டிலும், மெய்யறிவு 1915ஆம் ஆண்டிலும் வந்தன. சில காலம் கோவையிலும் வாழ்ந்தார். நீதிபதி வாலேசு என்பார் உதவியாற் சன்னது மீளக் கிடைத்தது. நன்றி மறவாத பிள்ளையவர்கள் தம் மைந்தர் ஒருவர்க்கு அவர் பெயரை ஒட்டி வாலேசுவரன் எனப் பெயரிட்டார். 1935ஆம் ஆண்டு சிவஞானபோதத்திற்கு உரை வெளியிட்டு, 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் உடல் நீத்தார். கடலிற் கப்பல் விடுவதைக் குறிக்கோளாகக் கொண்ட ஒருவர் இறுதியிற் பன்னிரு சூத்திரங்கட்கு உரை காணும் பணியில் வந்து நின்றார். இழந்ததை எண்ணி மீதி வாழ்நாளையும் இழந்தாரல்லர் என்பதே இதிற் கொள்ளத்தக்கது.

கோவைச் சிறையில் அவர் இருந்த நாளில் வெளியே நின்று உதவியவருள் ஒருவர் சி. கே. சுப்பிரமணிய முதலியார். 1878ஆம் ஆண்டு பிறந்த அவர் அந்நாளில் 30 வயதினர். பின்னாளிற் சிவக்கவிமணி என்னும் பட்டத்தாற் புகழ்பெற்றார். கோவையில் வழக்கறிஞராயிருந்து, நகரப் பொதுப்பணிகளிலும் தமிழ்ச்சங்கப் பணியிலும் ஈடுபட்டார். தொழிலிற் பொருளும், பொதுவாழ்விற் பெயரும், அரசியலில் ஆரவாரமும் ஒருவரை அழைத்த காலம் அது. அவ்வழைப்புக்களின் நடுவே அவர் வாழ்நாட் குறிக்கோளாகக் கொண்டது பெரியபுராணத்திற்கு விரிவுரை காணுதல்.

நாலாயிரத்திருநூற்றுக்கு மேற்பட்ட திருவிருத்தங்களையுடைய பெருநூல் அது. பாட்டுத்தோறும் பொழிப்பும், சொற்பொருளும், இலக்கணக்குறிப்பும், தலவரலாறும், சாத்திரக் கருத்தும் எழுதுதல் ஒருநாளிலோ ஓராண்டிலோ முடிவதன்று. 1930ஆம் ஆண்டுகளில் வெளிவரத் தொடங்கிய அவ்வுரை பல ஆண்டுகளில் ஏழு பகுதிகளாய் நிறைவுற்றது. இடையே இரண்டாம் உலகப்போரும் அதனாலாய காகிதத் தட்டுப்பாடும் வந்தன. உரையாசிரியர்க்கு முதுமையும் வந்தது. 1961ஆம் ஆண்டு அவர் சிவனடி எய்தினார். இன்றும் பெரியபுராணம் பயில்வார் ஐயுற்றவிடத்து முதலில் எடுத்துப் பார்ப்பது அவ்வுரையே. அறுபான்மும்மையார் யார் யார் எதனை விட்டனர், எதனைக் கொண்டனர் என்பதைப் பாட்டுத்தோறும் எண்ணி எழுதிய ஒருவர், தாமும் ஒன்றைக் கொண்டு பலவற்றைப் பின்னே நிறுத்தினார் என்பதற்கு அவ்வேழு பகுதிகளே சான்று. அவர் குமாரதேவரைப் போல நாடு நீங்கிற்றிலர். நகரிலேயே இருந்தார், நாளின் பொழுதைப் பங்கிட்டார். ஒருவன் தன் குறிக்கோளை யாதென்று பிறர்க்குச் சொல்லலாம். அவன் வைகறையும் மாலையும் எதற்குச் செல்கின்றன என்பதோ அச்சொல்லை மெய்யென்றாதல் பொய்யென்றாதல் காட்டிவிடும்.

சித்தாந்த முடிபு

மேற்கூறியவற்றால் ஒரு முடிபு பெறப்படுகின்றது. பொருளை விடுதல் வேறு. பற்றை விடுதல் வேறு. பொருளை விட்டும் பற்றை விடாதார் உளர். பொருளின் நடுவே நின்றும் பற்றறுத்தார் உளர். விடவேண்டுவது யாது என்பதைப் பொருளின் பெருமை சிறுமையால் அளத்தல் கூடாது. அது யான் எனது என்னும் செருக்கை வளர்க்கின்றதா, திருவடிக்கும் உயிர்கட்கும் ஆம் பணிக்குத் துணையாகின்றதா என்பதே அளவுகோல். ஓடும் செம்பொனும் ஒக்கவே நோக்குவார் என்று அடியாரைச் சேக்கிழார் போற்றியதன் கருத்தும் இதுவே. அவர் ஓட்டையும் பொன்னையும் ஒருங்கே எறிந்தார் என்பது பொருளன்று. எது கையிலிருப்பினும் நோக்கு மாறாது என்பது பொருள்.

விடுதலிற் பெரிய இடர் ஒன்று உண்டு. யான் விட்டேன் என்னும் நினைவே புதியதொரு பற்றாய் முளைத்தல் அது. அரசை விட்டவன் அரசினும் பெரிய செருக்கைத் தன் துறவிற் காணக்கூடும். பிறவாப்புளியின் வித்துப்போல இந்நினைவும் முளையாதொழிதற்கு வழி யாது? சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் அதற்கு விடை தருகின்றது. உயிர் தன் செயலற்று இறைவனோடு ஒன்றித்து நின்று இறைபணி வழுவாது நிற்க வேண்டும். அங்ஙனம் நிற்பார்க்கு விட்டதும் தம் செயலன்று, கொண்டதும் தம் செயலன்று. மலமும் மாயையும் வினையும் தொடரா. ஆகலின் சைவசித்தாந்தத்தில் துறவு வெறுமையில் முடிவதில்லை, பணியில் முடிகின்றது. திருப்போரூர்க் கோயிலும், சாந்தலிங்கர் நூல்களின் உரையும், பெரியபுராண விரிவுரையும் அவ்வாறு முடிந்த துறவின் பயன்கள். பேரூரிற் சாந்தலிங்கர் திருமடத்தின் சார்பில் 1953ஆம் ஆண்டு தமிழ்க்கல்லூரி நிறுவப்பட்டதும் அப்பயனின் வழியதே. வைராக்கியம் பாடிய அடிகளின் பெயரால் இளைஞர் தமிழ் கற்கின்றனர்.

எல்லார்க்கும் ஒரே விதி இல்லை என்றமையால், விதியே இல்லை என்று கொள்ளற்க. ஒருவன் தன் வாழ்நாட் குறிக்கோள்களை எண்ணுமிடத்து மூன்று வினாக்களைத் தன்னையே வினவிக்கொள்ளலாம். இது நல்லதாயினும் இதனினும் மேலான ஒன்றை மிதிக்கின்றதா? இது கருவூர் வினா. என் கையினின்று போனதைத் தொடர்ந்து ஓடுகின்றேனா, உடையானை நோக்கி நிற்கின்றேனா? இது முருகன்பூண்டி வினா. நான் விட்டதாற் பணி வளர்ந்ததா, என் சுமை பிறர் தோளில் ஏறிற்றா? இது பேரூர் வினா. மூன்றாம் வினாவே கடினமானது. விட்டவர்க்கன்றி உடன் வாழ்ந்தார்க்கும் அதற்கு விடை கூறும் உரிமை உண்டு.

நொய்யலில் நீர் வருவதும் வறள்வதும் காலத்தின் இயல்பு. ஆனித் திங்களில் நாற்றுநடவு விழாவின்போது, பெருமான் சேற்றில் இறங்கிய வரலாற்றைப் பேரூர் அடியார் மீட்டும் நினைக்கின்றனர். நடுகின்றவன் கையிலுள்ள நாற்றுக்கட்டை அவிழ்த்து ஒவ்வொரு முதலாக விட்டுக்கொண்டே செல்கின்றான். கட்டு முழுவதும் தீர்ந்தபொழுது அவன் கை வெறிதாகின்றது, வயல் நிறைகின்றது. எதனை விடுவது, எங்கே விடுவது என்று கலங்குவார்க்கு அவ்வயலினும் தெளிவான உரை வேறு வேண்டுவதில்லை.

திருச்சிற்றம்பலம்.